றோசலின் ஏறிய விமானம்

முள் அசையவில்லை.

இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்துக்குப் பனி குவிந்திருந்த ஓடுபாதையில், என்ஜினை முழுவதும் திறந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தோம். சக்கரங்களுக்குக் கீழே பனி நசிகிற சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த வேகமானியில் முள் பூச்சியத்திலேயே படுத்துக் கிடந்தது. பக்கத்து ஆசனத்தில் என் மனைவி றோசலின், கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, கையுறையோடு செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவளை அந்தச் சின்ன விமானத்தில் ஏற்றுவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. "ஒருக்கா ஏறுறன். பயந்தனெண்டால் நீங்கள் இந்த வேலையை விடவேணும். பிறகு கதை இல்லை" என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

பனியில் விமானம் சுணங்கித்தான் வேகம் எடுக்கும். அது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. பனிதான் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது என்று முதலில் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஓடினால் முள் எழும்பும் என்று நினைத்தேன். ஓடுபாதையில் பாதி கழிந்துவிட்டது. முள் எழும்பவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேனே என்று திட்டாதீர்கள். அந்த விமானத்தில் நாங்கள் எப்படி வந்து ஏறினோம் என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

நிலத்தில் வழுக்கி விழுகிறவன்

கனடாவுக்கு வந்த புதிதில் பிறம்ரன் பண்டகசாலையில் நான் போர்க்லிப்ட் ஓட்டியதைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு இளைஞர் ரெலிபோன் எடுத்தார். "அங்கிள், அந்தக் காலத்திலேயே நீங்கள் பிளேன் ஓடினனீங்கள் எண்டு அப்பா சொல்லுறார். உண்மையோ, இல்லாட்டி சும்மா விட்ட கதையோ?" என்று கேட்டார். நான் விட்ட கதைகள் வேறு இருக்கின்றன, தம்பி. இது உண்மை.

பண்டகசாலையின் பின்கதவைத் திறந்தால் வயல்வெளி. அதற்கு அப்பால் சின்ன விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் உள்ளே சீட்டாடுவார்கள். நான் கோப்பியோடு பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் வேலை முடிந்ததும் காரை வீட்டுப்பக்கம் விடாமல் அந்தப்பக்கம் விட்டேன்.

அங்கே ஒரு மரக்கொட்டில், ஒரு விறகடுப்பு, வால்ட்டர் என்று ஒரு மனிதர். அறுபது வயதிருக்கும். போலந்துப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். ஓடுபாதையும் விமானமும் அவருடையவை, பறக்கப் பழக்குவதும் அவர்தான். கொட்டிலின் வாசலில் நான் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "வழி தவறிவிட்டாயா, பறக்கப் போகிறாயா?" என்று கேட்டார். இரண்டாவது என்று சொன்னேன். அகதிக் கேஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்காமல் என்னோடு பேசிய முதல் கனடியர் அவர்தான்.

அப்போது நான் பெரிய விமான நிலையத்துக்குக் கிட்ட, ரெக்ஸ்டேலில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தேன்; றோசலின் இன்னும் வந்து சேரவில்லை. எனக்கு மேல் வீட்டில் சந்தியாப்பிள்ளை அண்ணை இருந்தார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், இங்கே இரவு வேலைக் காவலாளி. செய்தி அவர் காதுக்குப் போனதும் படியிறங்கி வந்துவிட்டார்.

"அடேய், நீ பஸ்ராண்டுக்குப் போறதுக்கிடையில ரண்டுதரம் ஸ்னோவில வழுக்கி விழுகிறாய். உனக்கு ஆகாயம் கேக்குதோ?"

"அண்ணை, ஆகாயத்தில ஸ்னோ இல்லை. வழுக்காது."

"ஏறேக்கையும் இறங்கேக்கையும் நிலத்திலதானே மோனே ஓடவேணும்?"

அந்த மனிதர் விமானத்துக்குக் கிட்டவும் போனதில்லை. ஆனால் சொன்னது முழுக்கச் சரி. அடுத்த இரண்டு பனி மாரிகாலமும் நான் படித்தது வேறொன்றுமில்லை, அதைத்தான்.

சுடுதண்ணிக் கேத்தல்

குளிர்காலத்தில் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களில் சிலர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நீளமான சறுக்குக்கட்டைகளைப் பூட்டிக்கொள்வார்கள். வால்ட்டருக்கு அதெல்லாம் பிடிக்காது. கோடையோ மாரியோ அவருக்குச் சக்கரம்தான். "பனியில் சக்கரத்தோடு இறங்கத் தெரிந்தவன் எங்கேயும் இறங்குவான்" என்பார். கட்டை வாங்கக் கையில் காசில்லை என்பதற்கு அது நல்ல விளக்கம்.

பனிமேல் சக்கரத்தில் ஓடுவதென்றால் கை துருதுருக்கிறதையெல்லாம் அடக்கவேண்டும். பிரேக்கைத் தொட்டால் விமானம் தன்பாட்டில் பக்கவாட்டாகப் போகத் தொடங்கும். போகிற வழியில் நின்றால் சக்கரம் புதைந்துவிடும், பிறகு இறங்கித் தள்ளவேண்டியதுதான். ஸ்ரியறிங்கை நெஞ்சோடு இழுத்துப் பிடித்து முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துக்கொண்டே ஓடவேண்டும். ஊரில் மணல் ஒழுங்கையில் சைக்கிள் ஓட்டியவனுக்கு இது கொஞ்சம் பிடிபடும். மணலில் நின்று யோசித்தவன் விழுந்தான்.

இறங்குவது இன்னும் மோசம். வெள்ளை நிலம், வெள்ளை வானம். நிலம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காக வால்ட்டர் ஓடுபாதையின் இரு கரையிலும் பைன் மரக் கிளைகளை வெட்டி நட்டு வைத்திருப்பார். அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் உயரத்தை மட்டுக்கட்டவேண்டும்.

முதல் மாரியில் நான் செய்த கூத்து ஒன்றைச் சொல்லவேண்டும். இறக்கையில் உறைபனி படிந்தால் விமானம் எழும்பாது, அதைத் துடைக்கவேண்டும் என்று வால்ட்டர் சொல்லியிருந்தார். துடைப்பத்தோடு மாரடிப்பானேன் என்று நான் கொட்டிலுக்குள் கேத்தலைக் கொதிக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்கள் அந்த நாட்களில் கார்க் கண்ணாடிக்கும் அதைத்தான் செய்தார்கள். சந்தியாப்பிள்ளை அண்ணையின் கண்ணாடி அப்படித்தான் நடுவால் வெடித்தது.

வால்ட்டர் கோட்டும் போடாமல் ஓடிவந்தார். அவ்வளவு வேகமாக அவர் ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. சுடுதண்ணீர் வழிந்துபோய் இடுக்குகளில் உறைந்தால், வானத்தில் அசையவேண்டிய எதுவும் அசையாது என்று அன்றைக்கு விளங்கப்படுத்தினார். இடையிடையே போலந்து மொழியிலும் சில சொற்கள் வந்தன. அவற்றின் அர்த்தத்தை நான் கேட்கவில்லை.

மேசைக்குக் கீழே

றோசலினும் நானும் கலியாணம் முடித்துச் சில மாதங்களில் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு யார்தான் வெளிக்கிடவில்லை. அவள் வந்து சேர மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. அந்த மூன்று வருடமும் அவள் மன்னார்க் கரையில் இருந்தாள். எனக்குக் கடிதம் வரும். "நேற்றும் ஹெலி வந்தது" என்று ஒரு வரி இருக்கும். ஆமியின் ஹெலிகொப்டர், சுடத்தான் வரும். நான் அதைப் படித்துவிட்டு மடித்து வைப்பேன், வேலைக்குப் போவேன்.

அவள் இங்கே வந்த முதல் வசந்தகாலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் குளித்துவிட்டு வருகிறேன், ஆளைக் காணவில்லை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தாள். மடியில் சோற்றுக் கோப்பை. வெளியே ஒரு சின்ன விமானம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

ரெக்ஸ்டேலில் நாள் முழுக்கத் தலைக்கு மேலால் பெரிய விமானங்கள் போகும். யன்னல் அதிரும். அதற்கெல்லாம் அவள் அசையமாட்டாள். எனக்கு அது விளங்கவில்லை, கேட்டேன்.

"பெரிசு எங்கையோ போற பிளேன். சின்னன்தான் தேடி வரும்" என்றாள்.

ஊரில் குண்டு போட வந்ததும் இப்படி ஒற்றைக் காற்றாடி வைத்த சின்ன விமானம்தானாம். அரசாங்கம் பயிற்சி விமானமாக வாங்கியதாம். அவளுடைய பக்கத்து வீட்டில் மூன்று பேர், ஒரே காலையில். அவள் அந்த வேளை பதுங்குகுழியில், பங்கருக்குள் இருந்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் வெளியே முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

நான் அவளுக்கு அப்போது சொல்லியிருக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று. சொன்னபோது சண்டை பிடிக்கவில்லை. "உங்களுக்கு வேற விளையாட்டுக் கிடைக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் வீடு திரும்பும்வரை அவள் சாப்பிடுவதில்லை. இரவில் திடீரென்று எழும்பி இருப்பாள். எனக்கு ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. உள்ளே ஏற்றிக் காட்டினால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். தண்ணீரில் பயம் என்றால் தண்ணீரில்தானே இறக்கவேண்டும். அவள் பயம் போகவேண்டும், என் பறப்பும் போகக்கூடாது. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தன. அப்படித்தான் அந்த ஒப்பந்தம் வந்தது.

ஒரு சின்னப் போத்தல்

அந்த வசந்தகாலத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது மாரி. மாசி மாதம், ஞாயிறு. காலைப் பூசை முடிந்து நேராகப் போனோம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. குளிர் மூக்குக்குள் முள்ளாகக் குத்தியது. வால்ட்டர் ஓடுபாதையில் கிடந்த பனியை முதல்நாள் தள்ளி வைத்திருந்தார், அதற்குமேல் இரவு நாலு விரல் உயரத்துக்குப் புதுப்பனி விழுந்திருந்தது. "மெத்தென்று இருக்கும், பரவாயில்லை. பாதி தூரத்துக்குள் வேகம் வராவிட்டால் என்ஜினை அடக்கு" என்றார்.

எங்கள் ஆட்கள் புதிதாக எந்த வாகனத்தில் ஏறினாலும் ஒரு சடங்கு இருக்கிறது. ஊரில் புதுத் தோணி கடலில் இறங்கினால் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். ரெக்ஸ்டேலில் எங்கள் கார்த் தரிப்பிடத்திலும் அதுதான். எங்களைப்போல வேதக்காரர், கத்தோலிக்கர், தீர்த்தம் தெளிப்பார்கள், சைவக்காரர் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிப்பார்கள். சந்தியாப்பிள்ளை அண்ணை தன்னுடைய பழைய காருக்கு இரண்டையும் செய்தார். "கண்ணாடி வெடிச்ச காரடாப்பா, ஒண்டு காணாது" என்றார்.

ஆகவே றோசலின் கைப்பைக்குள்ளிருந்து தீர்த்தப் போத்தலை எடுத்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்தது. குளிரில் உறையாமல் இருக்கக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கியே வைத்திருந்தாள். விமானத்தின் மூக்குப் பக்கத்தில் சிலுவை போட்டுத் தெளித்தாள். நான் மறுபக்கத்து இறக்கையைத் துடைப்பத்தால் துடைத்துக்கொண்டு நின்றேன். ஏறச் சம்மதித்துவிட்டாளே, அதுவே பெரிது என்று எனக்குச் சந்தோசம்.

நான் காணாததை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இடது இறக்கைக்குக் கீழே முன்பக்கம் பார்த்தபடி ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் காற்றுப் புகுந்தால்தான் வேகமானியின் முள் எழும்பும். அதன் உறையை நான் சற்று முன்தான் கழற்றியிருந்தேன். றோசலின் அந்தக் குழாயைப் பார்த்தாள். அது சுடுகிற துவக்கு என்று நினைத்தாள்.

ஊரில் அவளுக்குத் தெரிந்த சின்ன விமானம் எல்லாவற்றிலும் அப்படித்தானே ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் ஒவ்வொரு சொட்டாகத் தெளித்தவள், அந்தக் குழாயின் வாயில் போத்தலைச் சரித்து நன்றாகவே ஊற்றினாள். கேட்டிருக்கலாமே என்று பிறகு கேட்டேன்.

"கேட்டால் இல்லையெண்டு நீங்கள் பொய் சொல்லுவியள் எண்டு நினைச்சன்" என்றாள்.

ஏன் வேர்க்குது?

இனி ஓடுபாதைக்கு வருவோம்.

பாதி கடந்துவிட்டது, முள் கிடக்கிறது. வால்ட்டர் சொன்னபடி அந்த இடத்தில் என்ஜினை அடக்கியிருக்கவேண்டும். ஆனால் முள்ளைத் தவிர மற்றதெல்லாம் வேகம் வந்துவிட்டது என்றன. கரையில் நட்ட கிளைகள் விர்ரென்று பின்னால் போயின. ஸ்ரியறிங் கையில் இறுகியது. கண்ணை நம்புவதா, முள்ளை நம்புவதா என்று நான் தடுமாறிய அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பனி நசிகிற சத்தம் நின்றுபோனது. விமானம் தானாகவே எழும்பிவிட்டது.

இனி அடக்கினால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. பாதை முடிவில் ஆளுயரப் பனிக்குவியல் இருந்தது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகம் சேரவிட்டு, மெல்ல மேலே எடுத்தேன்.

"எழும்பிட்டமோ?" என்றாள் றோசலின், கண்ணைத் திறக்காமல்.

"ஓம்."

ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதை. யன்னலால் கீழே பார்த்தாள். வயல், வேலி, பண்ணை வீடு, தெரு எல்லாம் வெள்ளை. "ஒண்டுமே தெரியேல்ல. வெள்ளைச் சீலை விரிச்சமாதிரிக் கிடக்கு" என்றாள். குரலில் பயம் இல்லை. எந்த நேரத்துக்காக நான் ஒரு வருடம் காத்திருந்தேனோ அந்த நேரம் வந்துவிட்டது. எனக்கோ அதைப் பார்க்கக் கண் இல்லை. வேகமானியைத் தட்டினேன். கண்ணாடியில் விரலால் சுண்டினேன். அசைந்தால்தானே.

வேகம் தெரியாமல் விமானம் ஓட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான்: அளவுக்கு மேல் மெதுவானால் இறக்கை பிடியை விட்டுவிடும், விமானம் கல்லாக விழும். அந்தப் பயத்தில் கூடுதல் வேகத்தில் இறங்கினால் சின்ன ஓடுபாதை முடிந்துவிடும். பனியில் பிரேக்கும் இல்லை.

"ஏன் உங்களுக்கு வேர்க்குது?"

"ஹீற்றர்."

"எந்த ஹீற்றர்? என்ர கால் விறைச்சுப்போச்சு."

நான் ரேடியோவை எடுத்து வால்ட்டரைக் கூப்பிட்டேன். இங்கிலிசில் அமைதியாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு. வேகமானி வேலை செய்யவில்லை என்றேன். வால்ட்டர், கடைக்குப் போய் வரச் சொல்கிறவர்போல, "சரி, வட்டமடித்து வா. மூக்கை எங்கே வைப்பது என்று உனக்குத் தெரியும். என்ஜின் சத்தமும் தெரியும். முள்ளைப் பார்க்காதே" என்றார்.

றோசலின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னெண்டு சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லையப்பா."

"பங்கருக்குள்ளயும் ஆம்பிளையள் எங்களுக்கு ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவங்கள். என்ன நடக்குதெண்டு தெரியாமல் இருக்கிறதுதான் கூடப் பயம். சொல்லுங்கோ."

சொன்னேன். முள்ளைக் காட்டினேன். எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று எனக்குத் தெரியாது என்றேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் முள்ளை எட்டிப் பார்த்தாள், பழுதான மணிக்கூட்டைப் பார்ப்பதுபோல.

"முள்ளில்லாமல் ஓடேலாதோ?"

"ஓடலாம். இறங்கிறதுதான் கஸ்ரம்."

"அப்ப இறங்குங்கோ. நான் கத்தமாட்டன்."

கத்தவில்லை. செபமாலையைக்கூடக் கோட்டுக்குள் வைத்துவிட்டாள். இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் அழுதிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பச்சைக் கிளைகள்

வயலின் முடிவில் திரும்பினேன். ஓடுபாதை ஒரு வெள்ளைக் கோடு, இரண்டு கரையிலும் பச்சைப் பொட்டுகள். பொட்டுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. விழுந்துவிடக்கூடாது என்ற பயத்தில் வேகத்தைக் கூட்டியே வைத்திருந்தேன். அது எனக்கே தெரிந்தது, ஆனால் கை குறைக்க மறுத்தது.

அதனால் முதல் கிளைகளைத் தாண்டியும் சக்கரம் படவில்லை. விமானம் பனிக்கு மேல் ஒரு முழ உயரத்தில் மிதந்துகொண்டே போனது. கிளைகள் போய்க்கொண்டேயிருந்தன. திரும்ப எழும்பி இன்னொருமுறை வரலாமா என்று நினைத்தேன். முள்ளில்லாமல் இன்னொருமுறை எழும்புகிற தைரியம் என்னிடம் இல்லை. என்ஜினை முழுவதும் அடக்கினேன்.

சாகப்போகிறோம் என்று அப்போது நினைத்தேன். இவளைக் குண்டிலிருந்து தப்பி வரவைத்து, இந்தப் பனிக்குள் கொண்டுவந்து சாக்காட்டப் போகிறேனே என்று நினைத்தேன். இதை நான் அவளுக்குச் சொன்னதில்லை. இந்தப் பத்திரிகையில் படித்தால்தான் உண்டு.

பின்சக்கரங்கள் பட்டன. அந்த நாலு விரல் புதுப்பனி சக்கரங்களைப் பிடித்துக்கொண்டது. ஏறும்போது எங்களை இழுத்து வைத்த அதே பனி இப்போது வேகத்தைத் தின்றது. மூக்கைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தேன். வால் இடப்பக்கமாகச் சரிந்தது, காலால் திருத்தினேன், வலப்பக்கமாகச் சரிந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பனித்தூள், ஒன்றும் தெரியவில்லை. பிறகு எல்லாம் நின்றது.

காற்றாடிக்கும் பாதை முடிவில் இருந்த பனிக்குவியலுக்கும் இடையில் ஒரு ஆள் நடந்துபோகலாம். அவ்வளவுதான்.

"இறங்கிட்டமோ?" என்றாள் றோசலின். இந்த முறை அவள் கண் திறந்துதான் இருந்தது.

வால்ட்டர் பனிக்குள் விழுந்தெழும்பி ஓடிவந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு நேராகக் குழாய்க்குப் போனார். டோர்ச் அடித்துப் பார்த்தார். குழாயின் வாய் முழுக்கக் கண்ணாடிபோல ஐஸ். "ஒரு மாதமாக இங்கே மழையில்லை. இந்தக் குளிரில் இதற்குள் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது?" என்றார்.

நான் விழித்தேன். றோசலின் கைப்பையைத் திறந்து வெறும் போத்தலை எடுத்து நீட்டினாள். "துவக்கெண்டு நினைச்சிட்டன். சொல்லுங்கோ அவருக்கு" என்றாள்.

மொழிபெயர்த்தேன். வால்ட்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "அடுத்தமுறை ஓட்டுகிறவன் தலையில் ஊற்றச் சொல். விமானத்துக்கு வேண்டாம்" என்றார்.

வாற ஞாயிறு

வீட்டுக்குப் போகும் வழியில் நானே கேட்டேன், "பயந்தனீரோ?" என்று.

"பயந்தன்" என்றாள்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சரி, விட்டுவிடுகிறேன் என்றேன். திங்கள், செவ்வாய் நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, சோறு போட்டுக்கொண்டே, "வாற ஞாயிறும் ஒருக்கா ஓடுங்கோ. நான் ஏறமாட்டன். கீழ நிண்டு பாக்கவேணும்" என்றாள்.

"என்னத்தைப் பாக்கப்போறீர்?"

"நீங்கள் ஓடுறதைத்தான்."

அந்த ஞாயிறு குழாயை நான் நாலுதரம் பார்த்தேன். முள் ஒழுங்காக எழும்பியது. மேலே போய் ஒரு வட்டமடித்து, ஓடுபாதைக்கு நேரே தாழ்வாக வந்தேன். வெள்ளை வெளியில் கொட்டில் ஒரு கறுப்புப் பெட்டியாகத் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். உயரமானவர் வால்ட்டர். மற்றவள் என் மனைவி.

அவள் ஓடவில்லை. குனியவில்லை. சின்ன விமானம் ஒன்று நேரே அவள் தலைக்கு மேலால் போகிறது, அவள் ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள். மற்றக் கையில் வால்ட்டரின் கோப்பிக் கோப்பை. நான் விமானத்துக்குள் தனியாக இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

இறங்கிக் காரில் ஏறியதும் அவளே சொன்னாள்.

"எனக்கு இப்ப பயமில்லை. நீங்கள் ஓடுறதெண்டால் ஓடுங்கோ."

ஒரு வருடமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாயெல்லாம் பல்லாகக் காரைத் தெருவுக்கு எடுத்தேன். இருபக்கமும் பனிவயல். கொஞ்சத் தூரம் போனபிறகு அவள் கேட்டாள்.

"மேல நிண்டு பாக்க நான் தெரிஞ்சனானோ?"

"ஓம், வடிவாத் தெரிஞ்சீர்."

"ஆரோ ஒரு ஆள் நிக்குது எண்டோ, இல்லாட்டி நான் எண்டோ?"

"நீர் எண்டுதான். நெத்தியில கையை வைச்சுக்கொண்டு நிண்டனீர். மற்றக் கையில கோப்பி. எல்லாம் தெரிஞ்சுது."

"பொம்பிளை எண்டு தெரிஞ்சுதோ?"

"தெரியாமல் என்ன? சால்வைகூடத் தெரிஞ்சுது."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். அவள் மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கியது, அதை அவள் துடைக்கவில்லை.

"அப்ப குண்டு போட்டவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள். "முத்தத்தில மீன் காயப்போட்டுக்கொண்டு நிண்டது ஆரெண்டு."

நான் காரைத் தெருவோரம் நிறுத்தினேன்.